சிரட்டை, புளியமுத்து, கொடிக்கம்பம்: ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புக்கு அறிவியல்

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் வைத்து நடத்தும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அறிவியலைச் செய்துகாட்டினால் பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. பள்ளியில் ஆய்வகம் கிடையாது, செலவுக்குப் பணமும் கிடையாது. தமிழும் கணக்கும் நடத்தவே நேரம் சரியாகிவிடுகிறது. இந்த வயதுக்கு என்னென்ன செய்யலாம், எப்படிச் செய்ய வேண்டும்?"

டீச்சர், சோதனையை நீங்கள் செய்கிறீர்கள், பிள்ளைகள் பார்க்கிறார்கள். மறந்துபோவதற்குக் காரணம் அதுதான். ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுவரை உள்ள பிள்ளைக்கு முதலில், என்ன நடக்கும் என்று அது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் தன் கையால் செய்ய வேண்டும். செய்தபின் கண்டதை வரையவோ சொல்லவோ வேண்டும். நடுவில் இருப்பதை மட்டும் பலரும் செய்கிறார்கள். முதலாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் "இது முங்கிரும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்ட பிள்ளை, அந்தப் பொருள் தண்ணீரில் விழும்போது கண் இமைக்காது. அதற்கு அப்போது ஒரு பந்தயம் இருக்கிறது. வெறுமே பார்க்கும் பிள்ளைக்கு அது இல்லை.

இன்னொன்று, கேட்கும் கேள்வி. சின்னப் பிள்ளையிடம் "ஏன்?" என்று ஆரம்பித்தால் அது உங்கள் முகத்தைப் பார்க்கும், உங்களுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று தேடும். "இதைப் போட்டா என்ன ஆகும்?", "எது முதல்ல காயும்?", "எதுல தண்ணி கூடப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதிலைக் கையே கண்டுபிடித்துவிடும். கேட்டபின் சும்மா இருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வாயே திறக்காத பிள்ளையும் பேசுகிறது. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

ஒரு பாடத்தை அப்படியே சொல்கிறேன். மிதப்பதும் மூழ்குவதும். எல்லாரும் நடத்துவதுதான், ஆனால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். இதை நான்கைந்து நாளுக்கு இழுக்கலாம். நாலு பிள்ளைக்கு ஒரு பேசன் தண்ணீர். பேசன் இல்லையென்றால் ஓட்டைக் குடத்தின் அடிப்பாதியை வெட்டி, ஓட்டையை மெழுகால் அடைத்துக்கொள்ளலாம். கூழாங்கல், புளியமுத்து, வேப்பங்குச்சி, ஆணி, மெழுகுவத்தித் துண்டு, செங்கல் துண்டு, கடைசியாகக் கதம்பை, அதாவது மேலே இருக்கும் நார்மட்டை, உரிக்காத ஒரு தேங்காய். ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, முங்கும் என்று நினைப்பதை இடப்பக்கமும் மிதக்கும் என்று நினைப்பதை வலப்பக்கமும் பிள்ளைகளே பிரித்துவைக்க வேண்டும்.

தேங்காயை ஒரு பிள்ளை இரண்டு கையாலும் தூக்கும். "கனமா இருக்கு டீச்சர், முங்கிரும்." பக்கத்தில் உள்ளவர்களும் அதையே சொல்வார்கள். போடுவார்கள். ஒரு முங்கு முங்கி மேலே வந்து ஆடிக்கொண்டு நிற்கும். அதே நேரம் விரல்நுனி அளவுக் கூழாங்கல் அடியில் கிடக்கும். "மெதக்கு!" என்று ஒரே சத்தம். இந்த இடத்தில்தான் ஆசிரியருக்கு நாக்கு துறுதுறுக்கும், அடர்த்தி என்று ஆரம்பிக்கத் தோன்றும். ஆரம்பிக்காதீர்கள். "கனமானது முங்கும்னு சொன்னோமே, இப்ப என்ன சொல்லப் போறோம்?" என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை சொல்லும்: "கதம்பைதான் டீச்சர் அதத் தூக்கிப் பிடிக்கு." அருமையான ஊகம். அதைச் சரி என்றும் சொல்ல வேண்டாம், தப்பு என்றும் சொல்ல வேண்டாம். "அப்ப நாளைக்குக் கதம்பைய உரிச்சிட்டுப் போட்டுப் பாப்போம்" என்று சொன்னால் போதும். மறுநாள் உரித்த தேங்காய் பெரும்பாலும் மிதக்கும், ஆனால் நிறைய அமிழ்ந்து, மண்டை மட்டும் வெளியே தெரிய. கதம்பைக்கும் வேலை உண்டு, உள்ளே இருக்கும் காற்றுக்கும் வேலை உண்டு என்று பிள்ளைகளே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் குளத்துக் கரம்பை மண். உருண்டையாகப் பிடித்துப் போட்டால் முங்கும். "இதே மண்ண, ஒரு பிடிகூடக் குறைக்காம, மிதக்க வைக்கணும்" என்று சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். தட்டுவார்கள், நீட்டுவார்கள், பாம்பு செய்வார்கள். எல்லாம் முங்கும். ஒருவர் கிண்ணம் மாதிரி குழித்து, தண்ணீர் மேல் மெல்ல வைத்துவிடுவார். அப்புறம் பாருங்கள், எல்லார் கையிலும் கிண்ணம். அடுத்து அதில் புளியமுத்து ஏற்றுவது: எத்தனை முத்துவரை தாங்குகிறது? ஒன்றாம் வகுப்பு எண்ணும், இரண்டாம் வகுப்பு யாருடையது எத்தனை கூடுதல் என்று கழித்துச் சொல்லும், மூன்றாம் வகுப்பு அட்டவணை போடும். நேரம் இல்லை என்று சொன்னீர்களே, இதில் கணக்குப் பாடமும் நடந்துவிட்டது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துத்தானே நடத்துகிறீர்கள். அறிவியலில் அப்படிப் பிரிக்கத் தேவையே இல்லை. ஒரே பேசன், ஒரே மண். எவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அளவு பற்றிய நினைப்பு நம்முடையது மாதிரி இருக்காது. ஒரே தண்ணீரை அகலக் கிண்ணத்திலிருந்து ஒல்லி டம்ளருக்கு மாற்றினால், மட்டம் உயர்ந்துவிட்டதால் தண்ணீர் கூடிவிட்டது என்று சாதிக்கும். சுவிட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே இதை நிறையப் பிள்ளைகளிடம் சோதித்து எழுதியிருக்கிறார். சுமார் ஏழு வயதுக்கு மேல்தான் அது தெளிகிறது. அது பிள்ளையின் குறை கிடையாது, வயது அப்படி. ஆகவே தண்ணீரையோ மண்ணையோ ஒப்பிடும் சோதனை எதுவானாலும் ஒரே மாதிரி பாட்டில், ஒரே மாதிரி டம்ளர் மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பாடம், நம் ஊரில் ஏற்கெனவே வீடுகளில் நடந்துகொண்டிருப்பது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார்கள் இல்லையா? விதையை ஊறவைத்து, மண்ணும் எருவும் போட்ட சட்டியில் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். கொடையன்று தலையில் தூக்கி வரும்போது பயிர் வெளிறிய மஞ்சளாக, நெட்டையாக இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்கிறார்கள், ஆனால் வயலில் இருக்கும் பயிர் பச்சையாக இருக்கிறதே, இது ஏன் மஞ்சள் என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

பாசிப்பயறை முந்தின நாள் இரவு ஊறவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைக்கு இரண்டு சிரட்டை (கொட்டாங்குச்சி). இரண்டிலும் ஒரே மண், ஒரே எண்ணிக்கையில் பயறு, தினமும் பாட்டில் மூடியால் ஒரே அளவு தண்ணீர். ஒரு சிரட்டை வராந்தாவில் வெளிச்சத்தில். இன்னொன்று கவிழ்த்த அட்டைப் பெட்டிக்குள், அல்லது பழைய மண்பானைக்குள். தண்ணீர் ஊற்றும் ஒரு நிமிடம் தவிர அதைத் திறக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளில் இரண்டிலும் முளை வந்துவிடும். இதுவே பிள்ளைகளுக்கு முதல் ஆச்சரியம். வெயில் இல்லாமல் முளைக்காது என்று பெரும்பாலோர் பந்தயம் கட்டியிருப்பார்கள்.

ஒரு வாரம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்து, "எது நல்லா வளந்திருக்கு?" என்று கேளுங்கள். பாதி வகுப்பு இருட்டில் இருந்ததைக் காட்டும். அதுதானே உயரம்! வெளிச்சத்தில் இருந்தது குட்டையாக நிற்கும். பிள்ளைகளுக்கு வளர்ச்சி என்றால் உயரம்தான். இப்போது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டில் வளர்ந்தது தண்டு மெலிந்து, விரல் பட்டால் சாயும். இலை சிறுத்து, மஞ்சளாக, சரியாக விரியாமல் இருக்கும். வெளிச்சத்தில் வளர்ந்தது தண்டு தடித்து, இலை விரிந்து, பச்சையாக நிமிர்ந்து நிற்கும். அப்போது "நல்லா வளர்றதுன்னா என்ன?" என்று ஒரு பேச்சு கிளம்பும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் சண்டை போடுமளவுக்குப் போவார்கள். போகட்டும். அதன்பின் இருட்டுச் சிரட்டையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். ஓரிரு நாளில் மஞ்சள் இலை பச்சையாக மாறத் தொடங்கும். அந்தக் காலையில் பிள்ளைகள் பையைக்கூட இறக்காமல் சிரட்டையிடம் ஓடுவார்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விளக்கம் இவ்வளவுதான்: பயறுக்குள் சேமித்த உணவு இருக்கிறது, அதை வைத்து முளை இருட்டிலும் எழும். வெளிச்சத்தைத் தேடி வேகமாக நீளும். பச்சையம் உண்டாக வெளிச்சம் வேண்டும். பிள்ளை கேட்டால் இதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அவசரம் இல்லை. அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் ஐந்து ரூபாய் அளவு ஓட்டை போட்டு இன்னொரு சிரட்டையை வைத்தால், பயிர் முழுவதும் ஓட்டைப் பக்கம் வளைந்துவிடும். ஊரில் முளைப்பாரி போட்டுப் பழகிய ஒரு ஆச்சியை ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். எந்த விதை எத்தனை நாளில் எழும்பும், எவ்வளவு தண்ணீர் தெளிக்கலாம், எப்போது அழுகும் என்று அவர் சொல்லுவதைப் பிள்ளைகள் தங்கள் சிரட்டையோடு ஒத்துப்பார்ப்பார்கள். கொடை இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள், அவர்கள் வீட்டில் தோட்டமோ வயலோ இருக்கும். அவர்களுடைய அம்மாவையும் கூப்பிடுங்கள்.

இந்தச் சோதனையில் பிள்ளை தெரியாமலே கற்றுக்கொள்ளும் பெரிய விஷயம் ஒன்று உண்டு: ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். "அவன் ரெண்டு மூடி ஊத்திட்டான் டீச்சர், அது கணக்குல வராது" என்று ஒரு பிள்ளை புகார் சொல்லும் நாளில் உங்கள் வகுப்புக்கு அறிவியல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் கொடிக்கம்பம். எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, பைசா செலவில்லை, வருடம் முழுக்கப் பாடம் நடத்தும். காலை வழிபாடு முடிந்ததும் கம்பத்தின் நிழல் முனையில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். "சத்துணவு மணி அடிக்கும்போது முனை எங்க இருக்கும்? அங்க உங்க கல்ல வைங்க." ஆளுக்கொரு இடத்தில் வைப்பார்கள். நிழல் இன்னும் நீளும் என்று வைக்கும் பிள்ளைகளே அதிகம் இருப்பார்கள். மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் நிழல் சுருங்கி, வேறு திசைக்குப் போயிருக்கும். ஒரு பிள்ளையை நிற்கவைத்து அதன் நிழலைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து, இரண்டு மணி நேரம் கழித்து அதே கால்தடத்தில் நிற்கவைத்தாலும் இதே பாடம்தான். இன்னும் சிரிப்பாக இருக்கும்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு விசேஷம் இருக்கிறது, இதை அவசியம் பயன்படுத்த வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.7 பாகையில் இருக்கிறோம். சூரியன் வருடத்தில் இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும்: ஏப்ரல் 12 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 30, 31 வாக்கில் ஒரு முறை. அந்த நாளில் பிற்பகல் சுமார் 12.20 மணிக்கு நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. நம் உச்சிப்பொழுது 12 மணிக்கு வராது, கடிகாரம் இந்தியா முழுமைக்கும் பொதுவானது என்பதால் இங்கே இருபது நிமிடம் போல் பிந்தும். ஏப்ரலில் பரீட்சை, விடுமுறை என்று போய்விடும். ஆகஸ்டு நாள் பள்ளி நாட்களில் வருகிறது. தரையில் ஒரு சாக்பீஸை நிமிர்த்தி வையுங்கள், ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள், பிள்ளைகளைச் சுற்றி உட்காரவையுங்கள். மேகம் மூடினால் முந்தின நாளோ மறுநாளோ பார்த்தாலும் போதும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய ஆச்சரியம், உச்சிவேளை நிழல் திசை மாறுவது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசிவரை நமக்கு உச்சி நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. டெல்லியில் இருக்கும் பிள்ளைக்கு அது எப்போதும் வடக்கேதான். ஆறு மீட்டர் கொடிக்கம்பம் என்று வைத்துக்கொண்டால், சுதந்திர தினத்தன்று உச்சி நிழல் தெற்குப் பக்கம் அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். குடியரசு தினத்தன்று அதே கம்பத்தின் நிழல் வடக்குப் பக்கம் மூன்று மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். இரண்டு நாளும் கம்பத்தடியில்தான் எல்லாரும் கூடுகிறோம், விழா முடிந்தபின் யாராவது ஒருவர் இருந்து ஒரு கோடு போட்டுவைத்தால் போதும். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து வாரம் ஒரு நாள் உச்சி நிழல் முனையில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து வந்தால், ஆகஸ்டு கடைசிவரை புள்ளிகள் கம்பத்தை நோக்கி வரும், கம்பத்தைத் தாண்டும், மறுபக்கம் டிசம்பர்வரை போய், திரும்பத் தொடங்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மீட்டரில் அளக்க வேண்டாம், சணலால் அளந்து வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டட்டும். சூரியனை மட்டும் நிமிர்ந்து பார்க்க விடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனி, ஆடிக் காற்றில் பனை ஓலைக் காற்றாடி: உடைமுள்ளைக் குத்தி, பிள்ளைகளே செய்வார்கள், பாதிப்பேருக்கு ஏற்கெனவே தெரியும். எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றுகிறது, இறக்கையை மடித்தால் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டால், பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் பேருந்தில் போகும்போது காற்றாலை எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்று அவர்களே கவனிப்பார்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டு ஆற்று மணலில் இழுத்தால் கறுப்புத் துகள்கள் ஒட்டும். காந்தத்தை வெளியே எடுத்துவிட்டுப் பையை உதறினால் துகள் தனியாக விழும், காந்தத்திலிருந்து சுரண்ட வேண்டியதில்லை. தேரிச் செம்மண், கரிசல், ஆற்று மணல் மூன்றையும் வெட்டிய பாட்டில்களில் நிரப்பி ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, எதில் முதலில் கீழே சொட்டுகிறது என்று பந்தயம் வையுங்கள். மணல் உடனே விட்டுவிடும், கரிசல் பிடித்து வைத்துக்கொள்ளும். காருகுறிச்சி உங்களுக்குப் பக்கம்தான்: புது மண்பானையிலும் சில்வர் குடத்திலும் காலையில் தண்ணீர் ஊற்றிவைத்து, மத்தியானம் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பானையின் மேல் ஏன் ஈரம், உள்ளே தண்ணீர் ஏன் குறைந்தது என்று பேச்சு தானாக வரும்.

ஆரத்தித் தண்ணீர் இன்னொன்று. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சளாகும். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு எடுத்த நீலத் தண்ணீரில் எலுமிச்சை விட்டால் ஊதாவாகி, இளஞ்சிவப்பாகும். சுண்ணாம்பை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைப் பற்றிப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். வகுப்பில் அதற்கு ஒரே மாதிரி கண்ணாடிப் பாட்டில்கள் போதும். தண்ணீர் அளவை மாற்றிக் கரண்டியால் தட்டினால், தண்ணீர் கூடக் கூடச் சத்தம் தடிக்கும். அதே பாட்டில்களின் வாயில் ஊதினால் நேர்மாறாக, தண்ணீர் கூடக் கூடச் சத்தம் கீச்சென்று மெலியும். தட்டும்போது கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து அதிர்கின்றன, ஊதும்போது மேலே இருக்கும் காற்று அதிர்கிறது. இந்தத் தலைகீழைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள்.

மழைக்காலத்தில் மழைமானி வையுங்கள். அடி தட்டையாக, பக்கம் நேராக இருக்கும் பாட்டிலும் ஒரு அளவுகோலும் போதும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அதைச் சுவரில் அளந்து கோடு போட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தோள் உயரத்துக்கு வரும். மழை அளவு என்றால் என்ன என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வெள்ளத்தில் வீட்டை இழந்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் கோட்டைப் போடாதீர்கள்.

உயிருள்ளவற்றுக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி போதும். பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இருக்கும். சில நாளில் அது பச்சையாகிவிடும், குச்சியால் லேசாகத் தொட்டால் தலையிலிருந்து சிவந்த கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும். அப்புறம் கூட்டுப்புழு, அப்புறம் வண்ணத்துப்பூச்சி. செடியிலேயே விட்டுத் தினமும் வரையச் சொல்லுங்கள், டப்பாவில் அடைக்க வேண்டாம்.

ஆபத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். எண்ணுவதற்கும் விதைப்பதற்கும் குன்றிமணி, ஆமணக்கு, அரளி விதை மூன்றும் பள்ளிக்குள் வரவே கூடாது. அழகாக இருக்கிறது என்று குன்றிமணியைப் பிள்ளைகளே பொறுக்கி வருவார்கள். கடித்து விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. பயறு, முத்து எதுவானாலும் ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையாவது மூக்கில் போட்டுப் பார்க்கும், ஆகவே எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மின்சாரம் என்றால் டார்ச் பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளத்துக்கோ ஆற்றுக்கோ பிள்ளைகளைக் கூட்டிப்போய் மண் எடுக்க வேண்டாம், நீங்கள் எடுத்து வாருங்கள்.

விலை கொடுத்து வாங்கும் அறிவியல் பெட்டிகள் இந்த வயதுக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கி முப்பது ஆண்டு நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், கிராமப் பள்ளிகளில் கிடைக்கும் எளிய பொருட்களை வைத்தே ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை பிள்ளைகளைச் சோதனை செய்யவைத்தது. அங்கே வேலை செய்த அரவிந்த் குப்தா சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் இணைத்து முக்கோணம், சதுரம், வீடு என்று செய்யச் சொல்லிக்கொடுத்தார். முக்கோணத்தை நசுக்கினால் அசையாது, சதுரம் சாயும் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை கையாலேயே தெரிந்துகொள்ளும். தீப்பெட்டி ஆலைகள் இருக்கும் கோவில்பட்டி நமக்கு எவ்வளவு தூரம்? மருந்து வைக்காத குச்சி கேட்டால் கிடைக்கும். கொக்கிரகுளத்தில் 1987 முதல் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்கு வருடம் ஒரு முறை கூட்டிப்போங்கள், ஆனால் வருடக் கடைசியில். நிழலும் சத்தமும் காந்தமும் கையில் பட்ட பிறகு போனால், அங்கே உள்ள பொறிகளை வெறும் பொத்தானாக அழுத்தித் தள்ளாமல் நின்று பார்ப்பார்கள்.

நோட்டுக்கு வருவோம். கரும்பலகையில் எழுதிப்போட்டு எல்லாரும் ஒரே வாக்கியத்தைப் பார்த்து எழுதுவதை விட்டுவிடுங்கள். பக்கத்தை நடுவில் மடித்து, இடப்பக்கம் "நான் நினைத்தது", வலப்பக்கம் "நான் பார்த்தது". இரண்டிலும் படம். எழுதத் தெரியாத பிள்ளை சொல்வதை, "கதம்பை தூக்கிப் பிடிக்கு" என்றால் அப்படியே, அதன் பேச்சிலேயே படத்தின் கீழே நீங்கள் எழுதிக்கொடுங்கள். தன் வாயிலிருந்து வந்த வரி என்பதால் மறுநாள் அது அதை வாசித்துவிடும். தமிழ்ப் பாடத்துக்கு இது போதாதா? இடப்பக்கம் தப்பாக இருந்தால் சிவப்பு மை போடாதீர்கள். போட்டால் அடுத்த தடவை பிள்ளை சோதனை முடிந்தபிறகு இடப்பக்கத்தை நிரப்பும்.

"பள்ளிக்கூடத்துல விளையாடிட்டு வாரான்" என்று வீட்டிலிருந்து சொல்லி விடுவார்கள், பார்வைக்கு வரும் அலுவலரும் கேட்கலாம். இரண்டு பேருக்கும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். இரண்டு சிரட்டைகளோடு ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இது என்னன்னு சாருக்குச் சொல்லு" என்று விட்டுவிட்டு நீங்கள் அடுத்த குழுவைக் கவனிக்கப் போங்கள்.